லாரிக்குள்ளிருந்து வந்த பதில்

1988-ஆம் வருடம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி போர்ஷனில் நான் தனியாகக் குடியிருந்தேன். கணவர் துபாயில். எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாரிடமோ "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, மின்சார ரயிலில் நின்றபடியே வீடு வந்தால் ஒரு வார்த்தை பேசப் பிடிக்காது. அப்படிப்பட்டவளிடம்தான் வந்து சேர்ந்தது ஒரு சயாமீஸ் பூனை.

விமானப் படையில் இருந்த ஒரு வடநாட்டுக் குடும்பம், மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. பெயர் மோத்தி. பாலாடை நிற உடம்பு. முகம், காது, கால், வால் மட்டும் கரியில் தோய்த்து எடுத்தது போல இருக்கும். கண்கள் பளீரென்று நீலம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "இவன் ரொம்பப் பேசுவான்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நம்மூர்ப் பூனை பசித்தால் கத்தும், சோறு வைத்தால் அடங்கிவிடும். இது அப்படியில்லை. கதவைத் திறந்ததிலிருந்து விளக்கை அணைக்கும் வரை, கைக்குழந்தை அழுவது போன்ற குரலில் பேசிக்கொண்டே என் காலடியில் நடக்கும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று விசாரிக்கும். காகிதத்தைச் சுருட்டி வீசினால் நாய் மாதிரி கவ்விக்கொண்டு வரும். எந்த அலமாரி திறந்திருந்தாலும் உள்ளே புகுந்து பார்த்தாக வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாம் என்னிடம்தான்.

எனக்கோ தலைவலி. "வாயை மூடறியா, இல்லையா!" என்று கத்துவேன். உடனே என்னைவிட ஒரு படி சத்தமாக எதிர்த்துப் பேசும். கடைசி வார்த்தையை எனக்கு விட்டுக் கொடுத்ததே கிடையாது.

அந்த ஞாயிறு, கீழ் போர்ஷன்காரர்கள் திருச்சிக்கு வீடு மாற்றினார்கள். லாரி போன பிறகு மாடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வீடு ரொம்ப அமைதியாக இருப்பது போலத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் திக்கென்றது. கட்டிலடி, சமையலறைப் பரண், மொட்டை மாடி, எங்கும் மோத்தி இல்லை.

கீழே ஓடினேன். காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கீழ் வீட்டு அம்மா, "காலைல எங்க மர பீரோவுக்குள்ள ஏறிப் படுத்திருந்தான். நான்தான் இறக்கி விட்டேன்..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நின்றுவிட்டார். "மறுபடி ஏறிட்டானோ? பாக்காமலே சாத்திக் கயிறு கட்டிட்டாங்களே!"

மே மாத வெயில். தார்ப்பாய் போட்ட லாரி. அதற்குள் மூடிய பீரோ. திருச்சி வரை எப்படித் தாங்கும்?

"லாரி போய் அரை மணிதான் ஆச்சு. டிரைவருக்கு வீடு கூடுவாஞ்சேரி. சாப்பிட்டுட்டுப் போறேன்னார். ஓடுங்க!" என்றார்.

ஈரப் புடவையோடு தெருமுனைக்கு ஓடி ஆட்டோவில் ஏறினேன். "அண்ணா, கூடுவாஞ்சேரி! சீக்கிரம்! மோத்தி லாரில மாட்டிக்கிச்சு!"

"மோத்தி யாரும்மா?"

"என் பூனை."

அவர் திரும்பிப் பார்த்தார். "பூனைக்கா இம்மாம் பேஜாரு?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும், "கெட்டியா புட்ச்சுக்க அக்கா" என்று முறுக்கினார். பெருங்களத்தூர், வண்டலூர் எல்லாம் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு லாரியின் பின்னாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். நான் தேடிய லாரியின் பின்னால் ஒரு சிவப்பு மூன்று சக்கர சைக்கிள் கட்டியிருந்தது நினைவிருந்தது.

கூடுவாஞ்சேரி மார்க்கெட் பக்கம் அந்த சைக்கிள் தெரிந்தது! டிரைவர் அப்போதுதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கிளப்பிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் குறுக்கே போய் நிறுத்திவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த பீரோ நட்டநடுவுல கீதும்மா. கவுறு அவுத்து, மேல கீற சாமானெல்லாம் எறக்கணும். பூனை உள்ள கீதுன்னு இன்னா கியாரண்டி?"

நியாயமான கேள்விதான். "ஒரு நிமிசம் இன்ஜினை நிறுத்துப்பா, அக்கா கூப்ட்டுப் பாக்கட்டும்" என்றார் ஆட்டோக்காரர்.

லாரியின் பக்கப் பலகையில் காதை வைத்துக் கூப்பிட்டேன். "மோத்தி... மோத்தி கண்ணா... செல்லம்..."

சத்தமே இல்லை. பூக்காரம்மா, டீக்கடை ஆட்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. "இல்லம்மா, இன்னா பண்றது" என்று டிரைவர் மறுபடி சாவியில் கை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்றைக்கு இதைக் கண்ணா, செல்லம் என்று கூப்பிட்டிருக்கிறேன்? பயந்து கிடக்கும் பூனைக்கு இது யாரோ முன்பின் தெரியாதவர் குரலாக இருந்திருக்கும். பலகையை ஓங்கித் தட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாயை மூடறியா, இல்லையா!"

சத்தமே போடாத லாரியைப் பார்த்து இப்படிக் கத்தினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், உள்ளேயிருந்து, "ங்ஙாஆஆ..." என்று நீளமாக ஒரு குரல்.

"அய்யோ, உள்ள கொயந்த கீதுடா!" என்று அலறினார் பூக்காரம்மா. டிரைவர் குதித்து இறங்கினார். பூனைதான் என்று நான் சொல்வதைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. பத்துக் கை சேர்ந்து கயிறு அவிழ்ந்தது. மெத்தை, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ரோட்டோரம் இறங்கின. நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் சன்னமாகிக்கொண்டே வந்தது.

பீரோ திறந்ததும் ஒரே பாய்ச்சல். என் தோளில் நகம் பதிய ஏறிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது, வாயைத் திறந்து மூச்சிரைத்தது. "மொதல்ல தண்ணி குடுங்கப்பா" என்று அதட்டியது வேறு யாருமில்லை, அந்த லாரி டிரைவர்தான். டீக்கடை சாஸரில் தண்ணீர் குடித்து முடித்தது. பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, எல்லாரையும் சேர்த்து வைத்துத் திட்டியது பாருங்கள்!

"இன்னா வாயி!" என்று டிரைவர் அசந்து போனார். சாமான்களைத் திரும்ப ஏற்றவும் அந்தக் கூட்டமே கை கொடுத்தது. ஆட்டோவில் தாம்பரம் வரும் வரை மோத்தி ஓயவில்லை. ஆட்டோக்காரரும் சளைக்காமல், "ஆமாம்பா, தப்புதாம்பா" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து நான் அதோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். மோத்தி அதற்குப் பிறகு பல வருடம் என்னோடு இருந்தது. என்னைத் தேடித் தேடி வந்த ஒரு ஜீவனுக்கு, என் குரலில் தெரிந்ததெல்லாம் ஒரு திட்டு மட்டும்தான் என்பதை நடுரோட்டில் நின்று தெரிந்துகொண்ட வெட்கம் இன்னும் போகவில்லை. பேச ஆசையாக யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், என்ன வேலை இருந்தாலும், இப்போதெல்லாம் முகம் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.