ஐந்து லட்சம் கூட்டிச் சொன்னேன்

சிம்மக்கல்லில் வாடகைக்கு இருந்த நாங்கள், மூன்று வருடங்களுக்கு முன்பு ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய நகர் ஒன்றில் இருபத்தெட்டு லட்சத்துக்கு வீடு வாங்கினோம். பால் காய்ச்சிய அன்று வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், "வீடு எம்புட்டு ஆச்சு?" என்றுதான் கேட்டார்கள். கௌரவத்துக்காக நான் முப்பத்து மூன்று என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த நாத்தனாரின் கணவர், அடுத்த மாதமே எங்கள் பக்கத்து வீட்டை அதே முப்பத்து மூன்று லட்சத்துக்கு வாங்கிவிட்டார். வாங்கி முடித்த பிறகுதான் எங்களிடம் சொன்னார். அப்போதும் நான் உண்மையான விலையைச் சொல்லவில்லை.

போன மாதம் மகள் கல்யாணச் செலவுக்காக வீட்டை விற்கப் பார்த்தார். யாரும் இருபத்தேழுக்கு மேல் கேட்கவில்லை.

"ஒங்களுக்கு முப்பத்து மூணுன்னா எனக்கும் அதுதானன்னு பேரமே பேசலம்மா" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து புலம்பினார்.

"அண்ணே, நாங்க இருபத்தெட்டுக்குத்தான் வாங்குனோம்" என்றேன்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், இன்றுவரை என்னோடு பேசவில்லை.

இப்போது யார் விலை கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று எதிர்வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவரிடமும் இருபத்தெட்டு என்றேன்.

"எல்லாரும் முப்பத்தஞ்சுன்னு சொல்றாக, நீங்க மட்டும் கொறைச்சுச் சொல்றீகளே?" என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இன்னும் வீட்டை விற்க முடியாமல் பக்கத்து வீட்டு வாசலில் நின்ற அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.