அம்சவல்லிக்கு இருபத்துமூன்று வயது

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கொளஞ்சிநாதனுக்கு. அவருடைய ஒரே மகள் அம்சவல்லி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த 2002ஆம் ஆண்டில் நாலடி நாலங்குலம்தான் இருந்தாள். பதினெட்டு நடந்துகொண்டிருந்தது, இன்னும் வயதுக்கு வரவில்லை. அவளைவிட மூன்று வயது சின்னவளான சித்தி மகளுக்குச் சடங்கு நடந்த அன்று, பந்தியில் இருந்தவர்கள் அம்சவல்லியைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அம்மா வாசுகி பாதிச் சாப்பாட்டில் எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தாள். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சாமிக்குப் பிராதாகச் சீட்டில் எழுதிக் கட்டினாள். எதுவும் ஆகவில்லை என்றானபிறகு மூன்று பேரும் பஸ் ஏறிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடி போனபோது டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு அம்சவல்லியிடமே பேசினார்.

"பொண்ணுங்க ஒடம்புல எக்ஸ்னு ரெண்டு குரோமோசோம் இருக்கும். ஒனக்கு ஒண்ணுதாம்மா இருக்குது. டர்னர்னு பேரு. கருவுலயே நடந்துடறது. ஒன் மேலயும் தப்பு இல்ல, ஒங்கம்மா மேலயும் தப்பு இல்ல."

அம்சவல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்போ நான் பொண்ணு இல்லீங்களா?"

"பொண்ணுதான். அதுல சந்தேகமே வேணாம்."

உயரம் கூடுவதற்கான வயது தாண்டிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டால் மாதவிலக்கு வரும், எலும்பு பலப்படும். தானாகக் குழந்தை தங்குவது மிகவும் அரிது. இந்தக் குறை உள்ளவர்களுக்கு இருதயத்திலும் கிட்னியிலும் கோளாறு இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் சோதித்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தன. இடது காது மட்டும் மந்தம்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாசுகி வழி நெடுக அழுதாள். யாரிடமும் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொளஞ்சிநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மேலே என்ன படிக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

செராமிக் டிப்ளமா படித்தாள். முடித்ததும் அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே சரக்கின் தரம் பார்க்கும் வேலைக்குக் கேட்டாள். மின்கம்பங்களுக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனி அது. முதலாளி பாலகிருஷ்ணன் அரைமனதாகச் சேர்த்துக்கொண்டார். அங்கே ஒவ்வொன்றையும் தட்டி, வரும் சத்தத்தை வைத்துத்தான் விரிசல் கண்டுபிடிப்பார்கள். மந்தக் காதோடு அவளால் அது முடியவில்லை. அதனால் சிவப்பு மையைப் பூசித் துடைத்துப் பார்த்தாள். விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கி, மயிரிழைபோலச் சிவப்புக் கோடு நிற்கும். மற்றவர்கள் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன சரக்கில் விரிசல் விட்ட பதினோரு உருப்படிகளை முதல் வாரத்திலேயே தனியே எடுத்து வைத்தாள். வெளியூருக்குப் போன சரக்கு திரும்பி வருவது அதோடு குறைந்தது. இரண்டு வருடத்தில் தரம் பார்க்கும் பகுதியே அவள் பொறுப்பில் வந்தது.

2007இல் ஒரு நாள் காலை, குழந்தைத் தொழிலாளர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒருவர் நேராக அம்சவல்லியிடம் வந்து அவள் கையைப் பிடித்தார். பயப்படாதே பாப்பா, ஸ்கூலில் சேர்த்துவிடுகிறோம் என்றார். பாலகிருஷ்ணன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வாக்காளர் அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. வயதை ஏற்றி எழுதியிருக்கிறார்கள் என்றார். வேலையை நிறுத்திவிட்டு நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்சவல்லி கையை விடுவித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கொடுத்து ஐந்து வருடம் காத்த சத்தியத்தை அந்த இடத்திலேயே உடைத்தாள்.

"சார், எனக்கு இருபத்திமூணு வயசு. டர்னர்னு ஒரு கொறை எனக்குப் பொறந்ததுலேர்ந்தே இருக்குது. அதான் வளரல. மாத்திரை சாப்பிடறேன், வேல பாக்கறேன். இங்கேருந்து போற சரக்கு நான் பாத்து கையெழுத்து போட்டாத்தான் போவும்."

அதிகாரி வாக்காளர் அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் பூசி வைத்திருந்த மையைக் காட்டி அது எதற்கு என்று விசாரித்தார். அவள் விளக்கினாள். உடம்பு லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

சாயங்காலம் சொர்ணாம்பாள் அவளைத் தேடி வந்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து மூட்டை கட்டும் பகுதியில் வேலை பார்ப்பவள்.

"எம் பொண்ணு இளமதிக்கு ஒம்பது வயசு ஆவுது. ஒன்ன மாதிரியே கட்டை, கழுத்து ரெண்டு பக்கமும் அகலம். பொறந்தப்ப காலு வீங்கியிருந்துது. இப்ப ஸ்கூலுக்கு நடந்தா காலு வலிக்குதுன்னு உக்காந்துக்கறா. அதுவும் இதுதானாம்மா?"

தனக்குத் தெரியாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றாள் அம்சவல்லி.

சத்தியத்தை மீறியதையும் இளமதியைப் பற்றியும் அன்றிரவு வீட்டில் சொன்னாள். காலையில் வாசுகி எழுந்து புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "அந்தப் பொம்பளைக்கு ஆஸ்பத்திரியில எந்த வாசல்னு தெரியாது. நானும் போயிட்டு வரேன்."

புதுச்சேரியில் சோதித்துப் பார்த்ததில் இளமதிக்கும் டர்னர்தான். அதோடு முடியவில்லை. கையில் ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்தது. காலில் நாடி சரியாகத் தட்டுப்படவில்லை. இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. இன்னும் சில வருடம் கவனிக்காமல் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். மூன்று மாதத்தில் சென்னை அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் வாசுகி சொர்ணாம்பாளோடு வராண்டாவில் படுத்துக் கிடந்தாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் என்ன நோய் என்று கேட்டதற்கு வாசுகிதான் பதில் சொன்னாள். தன் மகளுக்கும் அதுதான் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இளமதி குழந்தை என்பதால் உயரத்துக்கும் வைத்தியம் பார்க்க நேரமிருந்தது. வளர்ச்சிக்காகப் போடும் ஊசிக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்தது.

2009 கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லி கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனாள். வெள்ளாற்றங்கரை வரை ஓடலாம் வா என்றாள் இளமதி. எங்கும் உட்காராமல் ஓடினாள். பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்த அம்சவல்லியைத் திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாக்கா" என்று கத்திவிட்டு, மணலில் இறங்கி மறுபடி ஓடினாள்.