பெரிய கோயில் தொப்பிக்காரர்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில் நடந்தது இது. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனோம். அறுவடை நேரம். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். வேன் ஊர்ந்துதான் போனது.

அந்த வருடம் ஐரோப்பியர் வருகை பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தேன். யார் என்ன சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் வரும்வரை நமக்கு ஒன்றுமே தெரியாது என்று ஒரு கதை. அவன் வரப்போவதே நமக்கு முன்கூட்டித் தெரியும் என்று இன்னொரு கதை. இரண்டையும் பிள்ளைகள் அப்படியே விழுங்குவது எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் தலைமை ஆசிரியர் "நாளைக்கு லீவு" என்றால்கூட "எப்படித் தெரியும் சார்?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டார்கள்.

கோயில் வாசலில் இறங்கியதும் ஒரு மாணவி என் கையைப் பிடித்தாள். அதிகம் பேசாத பெண். "கைடு வேணாம் டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றாள். தலைமை ஆசிரியர் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கையில் முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடியோடு கைடு சிரித்தபடி வந்தபோதுதான் அவளுடைய தோழி என் காதில் சொன்னாள்: "அது அவளோட அப்பா, டீச்சர்."

விமானத்தின் வடக்குப் பக்கம், நல்ல உயரத்தில், தொப்பி வைத்த வெள்ளைக்காரர் போல ஒரு சிற்பம் இருக்கிறது. அதற்கு ஊரறிந்த கதை ஒன்று உண்டு. இவரும் அதைச் சொல்லத்தான் போகிறார். நான் பழக்கிவைத்த கூட்டம் பாயப்போகிறது. பெற்ற மகள் முன்னால் மனுஷன் தலைகுனிந்து நிற்பார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே என்று நொந்துபோய், "முதல்ல புளியோதரை சாப்பிட்டுடலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "வெயில் இருக்கப்பவே பாத்துடலாம் டீச்சர்" என்று அவர் நடந்துவிட்டார்.

நிழல் விழுந்திருந்த வடக்குச் சுவரில், கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அந்தச் சிற்பத்தின் மேல் வட்டமாக விழவைத்தார். "தொப்பி தெரியுதா? வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே, இப்படி ஒருத்தன் வருவான்னு கோயில் கட்டின ராஜா தெரிஞ்சு செதுக்கி வச்சிட்டாரு."

ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவளுக்காக அடக்கிக்கொள்கிறார்கள் என்று புரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள்தான் கேட்டாள். "எப்படிப்பா தெரியும்?"

வெளிச்ச வட்டம் சிற்பத்தை விட்டு நழுவியது. "எனக்குச் சொல்லிக்குடுத்தவரு சொன்னாரும்மா. அவரை நான் கேக்கலை."

அவரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் குறுக்கே புகுந்தேன். "அது பிற்காலத்துல, நாயக்கர் காலத்துல சேர்த்ததா இருக்கலாம். டென்மார்க்காரங்க தரங்கம்பாடிக்கு வந்த சமயம்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அது எப்படித் தெரியும் டீச்சர்?"

"படிச்சேன்."

"எழுதினவங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போல. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவளுடைய அப்பாதான். "மாட்டிக்கிட்டோம் டீச்சர், ரெண்டு பேரும்" என்றவர், கண்ணாடியை மகளிடம் கொடுத்தார். "நீயே வெளிச்சம் அடிச்சுப் பாரும்மா. பக்கத்துச் சிலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு." அப்புறம் புளியோதரை ஆறிப்போகும்வரை ஆளுக்கொரு கட்சியாகச் சண்டை. ஒன்றும் முடிவாகவில்லை.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா கோவிச்சுக்குவாரா டீச்சர்?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பாளே என்று பேசாமல் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். வடக்குப் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் அதே கண்ணாடி, அதே கதை. கதை முடிந்ததும் அவர் சொன்னார்: "எம் பொண்ணு ஒரு நாள், எப்படிப்பா தெரியும்னு கேட்டா. எனக்குத் தெரியலை. அவ டீச்சருக்கும் தெரியலை. நீங்க பாத்துட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்க." கூட்டத்துக்குப் பின்னால் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்பாவிடம் கேட்ட கேள்வியை அதே மூச்சில் டீச்சரிடமும் கேட்டு, எங்கள் இருவரையும் சமமாக நிறுத்தினாளே, அந்த நியாயத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இன்றும் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.