பாய் படிக்காத ரிப்போர்ட்

காதர் பாய் இறந்துவிட்டார்...

இன்று காலை ஆஸ்பத்திரியில் ரத்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எப்போதும் போல நேராகத் தேக்காவில் அவருடைய டீக்கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்துப் பூக்கடை லட்சுமியைப் படிக்கச் சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பாய் விடியக்காலையில தூக்கத்திலேயே தவறிட்டாரு" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள். பாய் கையால் ஆற்றிய தே குடித்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்... தெரிந்துகொள்ளுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. சர்க்கரை வியாதி என் கிட்னியைத் தின்றுகொண்டிருக்கிறது, இப்படியே விட்டால் டயாலிசிஸ் மெஷின்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கப்பல் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் பம்ப் பார்த்தவன் நான். என் பம்ப் கெட்டது எனக்குத் தெரியவில்லை.

பாய் என் முகத்தைப் பார்த்தார். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஸ்டேஜ் த்ரீதானேண்ணே. நான் ஃபோர். உங்களுக்கு சீனியர்லா."

அன்றைக்கே என் தேயில் சர்க்கரை நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பாய்தான் படிப்பார். டாக்டர் "ஓகே அங்கிள், ஸ்டேபிள்" என்பார். அது எனக்குப் போதாது. நம்பர் வேண்டும். பாய் ஒரு தடவை சொன்னால் மனதில் நின்றுவிடும். கிட்னி கெடக் கெட ஏறுகிற கிரியாட்டினின் 146, 151, 149, 158... இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

உப்பு விஷயத்தைச் சொல்லாமல் முடியாது.

பூன் லேயில் எங்கள் பிளாக்கில் ஒருவர், சோடியம் குறைந்த உப்பு வந்திருக்கிறது, கிட்னிக்கு நல்லது என்றார். டாக்டரும் உப்பைக் குறைக்கத்தானே சொன்னார். பாக்கெட்டில் இதயத்தின் படம் வேறு. வாங்கினேன். மூன்று வாரம் ரசத்திலும் குழம்பிலும் அள்ளி அள்ளிப் போட்டேன். நாக்குக்கும் ருசி, உடம்புக்கும் நல்லது என்று நினைப்பு.

சீனியருக்கும் ஒரு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கால் எப்படி இருக்கிறது என்றார். படி ஏற முடியவில்லை, வயசாகிறதே என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டார். நடுப்பகல். வரிசையில் ஏழெட்டுப் பேர்.

டாக்சியில் ஏறிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்கள். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். எங்கள் கிட்னி தள்ளாது. ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், காலைத் தளர வைத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திவிடும். உணவு ஆலோசகர் அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பொட்டாசியம் 6.8. ஐந்தைத் தாண்டக் கூடாதாம். நெஞ்சு முழுக்க ஒயர், கையில் ஊசி... இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நான் இல்லை.

இதை யார் கண்டுபிடித்தது என்று அந்தச் சின்ன வயது டாக்டரம்மா கேட்டார். எங்கள் டீக்கடைக்காரர் என்றேன். அவர் எழுந்து வந்து பாய் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கையால் ஊற்றிய தேயின் விலையை ஏற்றலாமா என்று பாய் ஒரு வாரம் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த உப்புப் பாக்கெட்டைக் காலியாக்கிக் கடைச் சுவரில் ஒட்டினார். கிட்னிக்காரர் யார் வந்தாலும் அதைக் காட்டி, டாக்டரைக் கேட்காமல் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் தே.

இரண்டு வருஷத்தில் மெஷின் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஐந்து வருஷம் தள்ளிப்போட்டார் பாய்! பிரஷர், சர்க்கரை, சாப்பாடு... ஒன்றையும் விட்டுவிடவில்லை. பிரியாணிக் கடைக்கு எதிரே நின்றுகொண்டு ஐந்து வருஷம்.

அப்புறம் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மற்ற நாள் கடை. டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரலுக்கு அடியில் விர்ரென்று ஓடியது.

"பம்ப் எப்படிண்ணே?"

ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றேன். தொழில் தெரிந்தவன் சொன்னால் சரிதான் என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவருக்கு அளவு வந்தது. கடைக்குச் சின்னக் கிளாஸ் அரை டஜன் வாங்கினார். அளவுத் தண்ணீர்க்காரர்களுக்கு அதில்தான் தே, விளிம்பு வரைக்கும். பெரிய கிளாஸிலேயே பாதி ஊற்றினால் என்ன என்று கேட்டேன்.

"பாதி கிளாஸ் கொடுத்தா, தன்னைப் பாதி ஆளுன்னு நினைச்சுக்குவாங்கண்ணே."

போன புதன்கிழமை கடைசியாகப் பார்த்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஆனாலும் என் அடுத்த ரிப்போர்ட் எப்போது என்றுதான் கேட்டார்.

"மெஷினுக்கு நான் போனது போதும். நீங்க வந்துடாதீங்க."

இன்று சாயங்கால அசர் தொழுகை முடிந்து சுவா சூ காங் மையவாடியில் அடக்கம். நானும் மூன்று கை மண் போட்டேன். எத்தனை பேர் வந்திருந்தார்கள் தெரியுமா... சீனர், மலாய்க்காரர், டயாலிசிஸ் நர்ஸ்கள் இரண்டு பேர். வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் போன அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரும் வந்திருந்தார். அன்றைய தே இன்னும் பாக்கி என்றார்.

ரிப்போர்ட் இவ்வளவு நேரம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. டைப் செய்வதை நிறுத்திவிட்டு இப்போதுதான் மருமகள் படித்தாள்.

பொட்டாசியம் 4.6, பாய். கிரியாட்டினின் 166. போன தடவை 168.

இன்னும் ஸ்டேஜ் த்ரீதான்.

போய் வாருங்கள், சீனியர்.