படகோடு சேர்த்து என்னைக் கட்டிய தோழி

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல். குடகுப் பக்கம் காட்டுக்குள் ஓடும் ஓர் ஆற்றில், தலைகீழாகக் கவிழ்ந்த ரப்பர் படகுக்கு அடியில் நான் மாட்டிக்கொண்டேன். விருத்தாசலத்துக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கிளம்பும் முன் என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார்.

எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் மழைக்காலம் போக மிச்ச நாளெல்லாம் மணல்தான் கிடக்கும். கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தாலே பாலத்து மேல் நின்று செல்போனில் படம் பிடிக்கிற ஜனங்கள் நாங்கள். நீச்சல் என்பது டிவியில் பார்க்கிற சமாச்சாரம். எனக்கோ வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாலே மூச்சு முட்டும்.

நான் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிள்ளையார், குதிரை, உண்டியல் என்று பொம்மைகள் செய்கிற இடம். என் வேலை மோல்டு பிரிவில். மோல்டு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து, பழைய லாரி டியூபிலிருந்து நீளமாக வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, உள்ளே களிமண் குழம்பை ஊற்றுவோம். கட்டு தளர்ந்தால் குழம்பு ஒழுகி, பிள்ளையாருக்கு இடுப்பில் ஒரு மடிப்பு கூடுதலாக விழுந்துவிடும். முடிச்செல்லாம் போடமாட்டோம். இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டு, மிச்ச நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுவோம். அந்த நுனிக்கு எங்கள் பாஷையில் வால் என்று பெயர். வாலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் மொத்தக் கட்டும் அவிழ்ந்துவிடும்.

இந்தப் பட்டை இல்லாமல் எங்களுக்கு எதுவும் ஓடாது. டிபன் கேரியர், ஸ்கூட்டியின் பின்சீட்டில் அரிசி மூட்டை, தாழ்ப்பாள் கெட்டுப்போன வாசல் கதவு, எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் கட்டுவோம். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் தோழி, நாலைந்து பட்டைகளை வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டுக்கொண்டே திரிவாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிக்கொண்ட வீட்டுக்காரரோடு பேசுவதைவிட அவளோடுதான் நான் அதிகம் பேசியிருப்பேன். அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை. அவள் இடதுகைக்காரி. அவள் கட்டிய மோல்டில் வால் எதிர்ப்பக்கமாகப் போய் ஒளிந்துகொள்ளும். அவள் லீவு போட்ட நாளில் அதை அவிழ்க்கும் வேலை என் தலையில் விழுந்தால், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டேதான் அவிழ்ப்பேன்.

அந்த வாரம் சூளை ரிப்பேர் என்று கம்பெனியில் சனிக்கிழமையும் லீவு விட்டார்கள். பெயின்டிங் பிரிவில் வேலை செய்கிற சின்னப் பெண் ஒருத்தி எங்கள் இருவரோடும் ஒட்டிக்கொண்டு திரிபவள். அவள்தான் செல்போனில் அந்த வீடியோவைக் காட்டினாள். நுரைத்த தண்ணீரில் படகு துள்ளிக் குதிக்கிறது, அதிலிருக்கும் பெண்கள் கத்திச் சிரிக்கிறார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர வெளியூர் போகாத எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. சேலம் வரை ரயில், அங்கிருந்து மைசூர் வழியாகக் குடகுக்குப் பஸ் என்று கிளம்பிவிட்டோம்.

கிளம்பும்போது ஏழாவது படிக்கிற என் மகள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினாள். அம்மாவை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். தோழிதான் அவளைச் சமாதானப்படுத்தினாள்.

"அழுவாத பாப்பா. ஒங்கம்மாவ கட்டிப்போட்டாவது பத்தரமா கூட்டிட்டு வந்துர்றேன். போதுமா?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்துக்கொண்டே கிளம்பினோம்.

ஆற்றங்கரையில் ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். எங்கள் படகுக்கு வந்த வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். அந்த ஊர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசினார். ஒவ்வொருவர் சட்டையையும் இழுத்து இழுத்துப் பார்த்து வாரை இறுக்கினார். பிறகு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "விழுந்தா பயப்படாதீங்கம்மா. சட்டை தூக்கும். படகு கவிழ்ந்தா கயிறைப் பிடிச்சுத் தொங்காதீங்க. விட்டுடுங்க. மல்லாந்து மிதங்க, நாங்க வந்து தூக்குவோம்." அவர் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது 'விழுந்தா' என்ற ஒரு வார்த்தைதான்.

எங்கள் மூவரோடு பெங்களூர்ப் பையன்கள் மூன்று பேரும் ஏறினார்கள். படகின் விளிம்பில் உட்கார வேண்டும். பிடித்துக்கொள்ள விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு ஓடும், அவ்வளவுதான். கரையோரம் அமைதியாக இருந்த தண்ணீரில் படகு ஆடியதற்கே நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு மாதிரி வருதுடி. நான் கரையிலயே ஒக்காந்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"சும்மா இருடி. ஒன்ன வுட்டுட்டுப் போயி நான் மட்டும் என்னாத்த பாக்கறது?" என்றாள் தோழி. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் மணிக்கட்டிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றினாள். என் சட்டையின் இடுப்பு வாரையும் படகின் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, இழுத்து இழுத்துச் சுற்றினாள். "எம்மாம் கனமான மோல்டையே புடிச்சிக்கிட்டு நிக்கிது. ஒன்ன புடிக்காதா?"

பெயின்டிங் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, அவரு பாத்தா திட்டப் போறாரு" என்றாள்.

"அவரு கெடக்காரு. விழுந்தா வுட்டுடுங்கன்றாரு. யாராச்சும் வுடுவாங்களா?"

வழிகாட்டி அப்போது அடுத்த படகுக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் கையைத் தாழ்த்திப் பட்டையை மறைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பட்டை இடுப்பில் இறுகியதும்தான் எனக்கு உயிரே வந்தது.

முதல் இரண்டு இடங்களில் தண்ணீர் துள்ளியபோது நானும் சேர்ந்து கத்தினேன், சிரித்தேன். முகத்தில் அடித்த தண்ணீரைக்கூட ரசித்தேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெரிய பாறை. படகு அதில் பக்கவாட்டில் மோதி, ஒரு பக்கம் தூக்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கீழே போனது. வானம் தெரிந்தது, மஞ்சள் படகின் அடிப்பக்கம் தெரிந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

காதுக்குள் ஒரே இரைச்சல். மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். மிதவைச் சட்டை சொன்னபடியே என்னைத் தூக்கியது. ஆனால் மேலே படகு. தலை போய்ப் படகில் முட்டியது. பக்கவாட்டில் நகரப் பார்த்தேன். இடுப்பில் பிடித்து ஏதோ திரும்ப உள்ளே இழுத்தது. முதலில் மரக்கிளை என்று நினைத்தேன். கையை வைத்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் கம்பெனிப் பட்டை. ஐயோ, என்னைக் கட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

வாலைத் தேடினேன். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்த கட்டு. வழக்கமாக வால் இருக்கும் பக்கம் விரலால் துழாவினேன். வழவழவென்று ரப்பர் மட்டும்தான் இருந்தது. மறுபடி துழாவினேன். இல்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மகள் முகம் வந்ததா என்று பிறகு பெயின்டிங் பெண் கேட்டாள். ஒரு முகமும் வரவில்லை. வால் எங்கே, வால் எங்கே என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. பிறகு அந்த எரிச்சல் வந்தது. அவள் மோல்டை அவிழ்க்கும்போதெல்லாம் வருமே, அதே எரிச்சல். இந்த இடதுகைக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே விரலை எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன்.

இருந்தது. பிடித்துச் சுண்டினேன். ஈர ரப்பர் வழுக்கியது. நகத்தை வைத்துக் கிள்ளி மறுபடி இழுத்தேன். சுற்றுகள் தளர்ந்தன, சட்டை என்னை வெளியே தள்ளியது. வெயில் முகத்தில் பட்டதும் நான் இழுத்த மூச்சின் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. யாரோ என் தோளைப் பிடித்து அடுத்த படகில் போட்டார்கள்.

பெயின்டிங் பெண் பிறகு சொல்லித்தான் மேலே நடந்தது எனக்குத் தெரியும். மற்ற எல்லோரும் வழிகாட்டி சொன்ன மாதிரியே மிதந்து போயிருக்கிறார்கள், ஒரு கீறல் இல்லை. அடுத்த படகுக்காரர்கள் கயிறு வீசியிருக்கிறார்கள். தோழி மட்டும் கயிற்றைப் பிடிக்கவில்லையாம். நீச்சலில் ஒரு கை போடத் தெரியாதவள், ஓடுகிற தண்ணீரை எதிர்த்துக் கவிழ்ந்த படகைப் பார்த்துக் கையைக் காலை அடித்துக்கொண்டு, "கட்டியிருக்கேன், கட்டியிருக்கேன்" என்று கத்தியிருக்கிறாள். யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கரையில் படகைப் புரட்டிப் போட்டபோது, கயிற்றில் ஒரு சுற்று மிச்சமாகச் சிக்கிக்கொண்டு அந்தப் பட்டை தொங்கியது. வழிகாட்டி அதை எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது யாரு கட்டினது?"

தோழி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இடது கையைத் தூக்கினாள். அவர் கன்னடத்தில் கத்தினார். என்ன சொன்னார் என்று தெரியாது, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துகொண்டு தமிழில் மெதுவாகச் சொன்னார். "படகு கவிழறது எங்களுக்குப் புதுசு இல்லம்மா. தலையை எண்ணினேன், ஒண்ணு குறைஞ்சது. தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சு கீழ்ப்பக்கம் தேடச் சொல்லிட்டேன். நீங்க படகுக்கு அடியிலேயே இருந்திருக்கீங்க. எல்லாரும் அங்க தேடிட்டு இருந்திருப்போம்."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. என் உயிரை வாங்கப் பார்த்தது ஆறு இல்லை, பாறை இல்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்த ஜீவன்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது, யாரைக் கோபித்துக்கொள்வது?

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் என் மேல் கை பட்டுவிடாமல் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் வந்து, என்னை வீட்டில் விடுவதற்காகக் கூடவே வந்தாள். ஸ்கூட்டி சத்தம் கேட்டு ஓடிவந்த என் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"சொன்ன மாதிரியே கட்டிப்போட்டு கூட்டியாந்துட்டீங்களா பெரிம்மா?"

தோழி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் அங்கேதான் வந்தது. என் மகள் பயந்துபோய், "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்று என்னைப் பார்த்து விழித்தாள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து என்ன ஏது என்று கேட்டார். பஸ்ஸில் தலைவலி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இதைப் படித்துத்தான் அவருக்கே விஷயம் தெரியப் போகிறது. வாசித்துவிட்டு என்ன சொல்லப்போகிறாரோ!

திங்கட்கிழமை வேலைக்குப் போனோம். அவள் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அன்றைக்கு அவள் கட்டிய மோல்டெல்லாம் ஒழுகின. மேசையெல்லாம் குழம்பு, தரையெல்லாம் குழம்பு. சூப்பர்வைசர் வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனார். அவள் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் மேசையிலிருந்த மோல்டு ஒன்றைச் சேர்த்துப் பிடித்து, ஒரு பட்டையோடு அவள் முன்னால் நீட்டினேன்.

"இத கட்டிக் குடு."

"வேணாம்டி. என் கை வெளங்காத கை."

"அந்தக் கை கட்டுனத இந்தக் கைதான அவுத்துச்சி? கட்டுடி. வாலு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிட்டு கட்டு."

கையிலிருந்த குழம்பைத் துணியில் துடைத்தாள். பிறகு பட்டையை வாங்கி, இடது கையால் இழுத்து இழுத்துச் சுற்றினாள். நுனியைச் செருகிவிட்டு, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எடப்பக்கம்" என்றாள். அந்த மோல்டிலிருந்து ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

இன்றைக்கும் அவள் ஒவ்வொரு கட்டுக்கும் 'எடப்பக்கம்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மோல்டை எடுக்கிறாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இது என்ன பழக்கம் என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ரோட்டைக் கடக்கும்போது மகளின் கையை இறுக்கிப் பிடித்தால்கூட, வழவழவென்ற அந்த ரப்பர் ஒரு நிமிஷம் விரலில் தட்டுப்பட்டுப் போகிறது. பிரியமானவர்களை எவ்வளவு இறுக்கமாகக் கட்டி வைத்தாலும், வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மூச்சு முட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன்.