டாங்கியின் சூடும் லாரியின் நிழலும்

ஏகாம்பரம் சாப் இறந்த செய்தி, முந்தாநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து நான் டீக்கடையைத் திறந்தபோது வந்தது. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் மகள் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “அப்பா காலையில தவறிட்டாரு பாய். நெஞ்சுவலி. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு.” இன்னாலில்லாஹி என்று என்னையறியாமல் வாய் சொன்னது. கடையில் நின்றவர்களிடம் சொன்னேன். “யாரு, அந்தக் குச்சிக்காரரா?” என்றார் ஒருவர். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத்தான் யார்டில் வேலை செய்யும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

துபாய் ஜெபல் அலியில் எங்கள் லாரி யார்டின் காவல் சூப்பர்வைசராக அவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ராணுவத்தில் டாங்கி ஓட்டி, ரிசால்தார் பதவியில் ஓய்வு பெற்றவர். கோடையின் மதிய ஓய்வில், ஓய்வறை வரை நடக்கச் சோம்பி, நிறுத்தியிருக்கும் தண்ணீர் லாரிக்கடியில் நீங்கள் துண்டை விரிப்பீர்கள். கண் அசரும் நேரம் பார்த்து, “உட்டோ! உட்டோ!” என்று இந்தியில் அதட்டி, குச்சியால் காலில் தட்டி எழுப்புவார். அவருக்கு மிலிட்டரிக் கிறுக்கு என்று பட்டம் கட்டினீர்கள். உழைத்துக் களைத்தவனை எழுப்புவது பாவம் என்று நானும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

டாங்கியைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். தான் பட்டாளத்தில் சேருமுன் நடந்த அறுபத்தைந்து சண்டையில் பஞ்சாபின் கரும்புக்காட்டுச் சேற்றில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சிக்கிய கதையை, என் கல்லாமேசையில் பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கி விளக்குவார். “பீரங்கி பெருசு, கவசம் கெட்டினு எல்லாரும் பேசுவான். ஓட்டறவனுக்கு முன்னால கொஞ்சம் தெரியும், பின்னால ஒண்ணும் தெரியாது. அத்த ஒருத்தனும் பேச மாட்டான்” என்பார்.

ஒருநாள் டிரெய்லர் டிரைவர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார்: “சாப், நீங்க எத்தனை எதிரியைக் கொன்னீங்க?” பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் கடையில் யாருமில்லாதபோது வந்தார்.

“எதிரி ஒருத்தனையும் கொல்லல பாய். என் டாங்கி கொன்னது ஒரே ஒருத்தனத்தான். பீரங்கி சுடற என் கன்னர் குர்மீத்.”

ராஜஸ்தான் பாலைவனத்தில் பயிற்சி. மார்கழிக் குளிர். ஓடி நின்ற டாங்கியின் இரும்பில் வெகுநேரம் சூடு இருக்குமாம். அதை ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான் குர்மீத். உடனே கிளம்பு என்று உத்தரவு வந்தது. கிளப்பும் முன் ஓட்டுநர் இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றி வரவேண்டும் என்பது விதி. அன்று அவர் சுற்றவில்லை.

“எஞ்சின் சத்தத்துக்கு எந்திரிச்சிருப்பான்னு நெனச்சேன். டாங்கிக்காரனுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு பாய். அதுலயே தூங்கிப் பழகினவன் எப்படி எந்திரிப்பான்?” என் கடையில் உட்கார்ந்து அந்தப் பெரிய மனிதர் அழுதார்.

போன கோடையில் நீங்கள் ஒன்றுசேர்ந்து ஆபீஸில் புகார் சொன்னீர்கள். தொழிலாளியைக் குச்சியால் தொட்டது குற்றம் என்று வேலை போயிற்று. “குர்மீத் விஷயத்தை அவங்கள்ட்ட சொல்லுங்க சாப், மனசு மாறுவாங்க” என்று கெஞ்சினேன். “சொன்னா என் மேல பரிதாபப்படுவான். பரிதாபப்பட்டவன் திரும்பிப் படுத்துக்குவான் பாய். கோவம் வந்தவன்தான் எந்திரிச்சுப் போவான்” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வண்டியில் ஏறும்போது, தன் வழக்கப்படி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

அவர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். கேட்டுப் பரிதாபப்படுவீர்கள் என்பதுதான் என் பயம். புதிய காவலர் நல்லவர், யாரையும் எழுப்புவதில்லை.

நேற்று மதியம் கடையைப் பூட்டிவிட்டு யார்டுக்குள் போனேன். தண்ணீர் லாரிக்கடியில் துண்டை விரித்து ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். டிரைவர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தார். குனிந்து, தூங்கியவன் காலைப் பிடித்து இழுத்தேன். “கடைய பாக்காம உனக்கு இங்க என்ன வேலை, பாய்? உனக்கும் கிறுக்கு புடிச்சிருச்சா?” என்று திட்டிக்கொண்டே எழுந்து போனான்.

சாப் எனக்கு விட்டுப் போனது அந்தத் திட்டுத்தான். திட்டட்டும்.