பீலி இல்லாத ஊருக்கு ஒரு ட்ரிப்

தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு ட்ரிப் சங்கம் உண்டு. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து வைத்து, வருடத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்து எங்காவது போய் வருவார்கள்.

தேயிலை சலிக்கும் அறைக்கு நான் வேலைக்கு வந்து பல வருடம் ஆகியும் அந்தச் சங்கத்தில் சேரவில்லை. அந்த பஸ் கிளம்பும்போது நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடு, லயமே அதிரும். டிரம் அடித்துப் பைலா பாடிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது பாதிப் பேருக்குத் தொண்டை இருக்காது, சில பேருக்குக் கால் நிற்காது. விரதமும் விளக்குமாக இருக்கிற நமக்கு இதெல்லாம் சரிப்படாது என்று ஒதுங்கியே இருந்தேன்.

என்னைச் சேர வைத்தது ஒரு நேர்த்திக்கடன்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாகத் திருகோணமலைக்காரம்மா ஒருவர் வந்திருந்தார். தன் பையிலிருந்து கோணேசர் கோயில் விபூதியை எடுத்து என் கையில் வைத்தார். அதை என் வீட்டுக்காரர் நெற்றியில் பூசிவிட்டு, அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். "கோணேசப்பா, இந்த மனுசன எழுப்பி நடக்க வையி. நாங்க ரெண்டு பேருமா ஒன் மலையேறி வந்து கும்புடுறோம்."

சாமி தன் பங்கைச் செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் எழுந்தார், நடந்தார், இலேசான வேலைக்குத் திரும்பவும் போனார். என் பங்குதான் அப்படியே நின்றது. இரண்டு பேர் திருகோணமலை போய்த் தங்கி வருவதற்கு ஒதுக்கின காசெல்லாம் கூரைத் தகரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் டீசல் விலை ஏறி, பஸ் கூலி ஏறி, அந்த ஊரே இன்னும் தூரமாகப் போனதுபோல் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமி படத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான், இந்த முறை ட்ரிப் திருகோணமலைக்கு என்று சங்கத்தில் பேச்சு அடிபட்டது.

சங்கத்துப் பொருளாளர், தேயிலை காயவைக்கும் மெஷினுக்கு அடுப்பு எரிக்கிற அண்ணன். எங்கள் எல்லாருக்கும் அடுப்பண்ணன். அவரிடம் போய், "அண்ணே, எங்க ரெண்டு பேரயும் சேத்துக்கங்க" என்றேன்.

அவர் அடுப்பு வாயை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா தங்கச்சி, சாமியார் மடம் பைலா பஸ்ஸுல ஏறப் போகுதா?"

"கோணேசர் கோயிலுக்குப் போறதா இருந்தாத்தான்."

"நாங்க கடல்ல குளிக்கப் போறோம்."

"கடலுக்கு மேலதானே அண்ணே கோயில் இருக்கு. ஏறிட்டு எறங்குங்க."

பட்ஜெட் கூட்டம் கொழுந்து வாட்டுகிற மாடியில் நடந்தது. வாடுகிற கொழுந்தின் வாசத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு செலவாகச் சொல்லிச் சொல்லிக் குறைத்தோம். ஹோட்டல் வேண்டாம், திருகோணமலையில் ஒரு மண்டபத்தை இரவுக்கு வாடகைக்கு எடுப்போம் என்றார்கள். கடைச் சாப்பாடு வேண்டாம், வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் போட்டு வழியில் நாமே ஆக்குவோம் என்றேன். அண்டாவுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. தோட்டத்து மரணாதாரச் சங்கத்து அண்டாவைச் சும்மா தருவார்கள் என்றேன்.

பேக்கிங் அறைத் தம்பி முகத்தைச் சுளித்தான். "சாவு வீட்டு அண்டாவுலயா அக்கா ட்ரிப்பு சோறு?"

"ஒன் கல்யாணத்துக்கு அந்த அண்டாவுலதானே ஆக்குனாங்க. ரெண்டு தட்டு வாங்கித் தின்ன."

மாடி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடேயே என் நிபந்தனையையும் வைத்தேன். சாமி கும்பிடும் வரை மரக்கறிச் சாப்பாடுதான், சாராயப் போத்தல் கிடையாது. கும்பிட்டு முடிந்த பிறகு அவரவர் இஷ்டம். கொஞ்சம் முணுமுணுத்தார்கள். "திரும்பி வார வழியில கோழி உண்டா?" என்று ஒருவர் கேட்டார். உண்டு என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பஸ் கூலி, டிரைவர் படி, மண்டப வாடகை, மரக்கறி, கோழி, கோயில் அர்ச்சனை வரை எல்லாம் கணக்கில் வந்தது. கூட்டிப் பார்த்ததில், பிடித்த காசுக்குள் சரியாக அடங்கிவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு செலவு இப்படி அடங்கினதே இல்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சாமி படத்துக்குச் சூடம் காட்டினேன்.

தண்ணீரை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை. எப்படி வரும்? எங்கள் பக்கத்தில் எந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தினாலும் ஒரு பீலி இருக்கும். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக ராத்திரி பகல் என்று கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் குளிப்போம், குடிப்போம், துணி துவைப்போம். அதைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது எங்கள் புத்தியிலேயே இல்லை.

ராத்திரியே கிளம்பின பஸ் கண்டியைத் தாண்டி, தம்புள்ளையைத் தாண்டி, ஹபரணைக்கு அந்தப் பக்கம் போனபோது விடிந்தது. ஸ்வெட்டரும் கம்பளியுமாக ஏறின கூட்டம் ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது. ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சமதரையில் காடு.

"டிரைவர் மாத்தயா, அடுத்த பீலியில நிப்பாட்டுங்க. மொகம் கழுவிட்டு சோறு ஆக்கணும்" என்றார் அடுப்பண்ணன்.

டிரைவர் சிங்களவர், ராகலைப் பக்கம். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இங்க ஏது அண்ணே பீலி? மலை எங்க இருக்கு, பீலி வர?"

பஸ்ஸில் பைலா நின்றது.

ஒரு ரோட்டோரக் கடையில் நிறுத்தினார். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு, குடிக்க முடியாது, கால் முகம் கழுவலாம் என்றார்கள். குடிக்கவும் ஆக்கவும் கடையில் போத்தல் தண்ணீர் இருந்தது. அடுப்பண்ணன் விலையைக் கேட்டுவிட்டு வந்து, பஸ் படியில் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். நாற்பது பேர், இரண்டு நாள், சோறு, குழம்பு, குடிக்க, பிள்ளைகளுக்கு.

"பத்தாது" என்றார். "கோழிக் காசயும் போட்டுப் பாத்துட்டேன். மண்டபத்துக் காசு தண்ணிக்குப் போயிரும்."

மண்டபம் இல்லையென்றால் தங்க முடியாது. தங்காவிட்டால் அன்றைக்கே திரும்ப வேண்டும். டிரைவர் அதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தக் காட்டு ரோட்டுல இருட்டினா யானை வரும். பொழுதோட தாண்டணும். மூணு மணிக்கு எல்லாரும் பஸ்ஸுல இருக்கணும்."

சோறு ஆக்கித் தின்றுவிட்டு நாங்கள் போய்ச் சேரும் நேரத்துக்குக் கோயில் நடை சாத்தியிருக்கும். திறப்பது நாலு மணிக்கு. கடலைப் பார்க்கலாம், சாமியைப் பார்க்க முடியாது.

"கடல்ல குளிச்சிட்டு வந்துருவோம். கோயிலுக்கு அடுத்த வருசம் போவோம்" என்றான் பேக்கிங் அறைத் தம்பி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் பின் சீட்டிலிருந்து, "மரக்கறி தின்னதுதான் மிச்சம்" என்றார்.

என் வீட்டுக்காரர் என் கையை இலேசாகத் தட்டினார். "விடு புள்ள. இவ்வளவு தூரம் வந்தத சாமி பாக்காமலா இருக்கும்?"

அவருக்குக் காலை மாத்திரை போட வேண்டிய நேரம். கடையில் பால் போடாத தேத்தண்ணி, ஒரு சாயத்தண்ணி வாங்கப் போனேன். கடைக்கார அக்கா கொடுத்த கிளாசைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிற பஸ் தெரிந்தது. அவ்வளவு வெளுப்பு. ஸ்டோரில் சலித்துச் சலித்துக் கண் பழகினவளுக்கு அதை ஒரு நோயாளிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "அக்கே, சுடுதண்ணி மட்டும் தாங்க, தூள் என்கிட்ட இருக்கு" என்றேன்.

வெளியூர் போகும்போது தோட்டத்துச் சனம் வெறுங்கையோடு போகாது. பையில் ஒரு தேயிலைப் பாக்கெட்டாவது இருக்கும். மாதா மாதம் தோட்டத்தில் கொடுக்கிறதில் மிச்சம் பிடித்தது. பார்க்கிற சொந்தத்துக்கு, உதவி செய்கிறவர்களுக்கு என்று வைத்திருப்போம். என் பாக்கெட்டைக் கோயில் மடப்பள்ளிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தேன். சாமி கோபிக்க மாட்டார் என்று முடிச்சை அவிழ்த்து ஒரு கரண்டி போட்டேன்.

வாசம் எழும்பினதும் அந்த அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிங்களத்தில் அவர் சொன்னது இதுதான்: "எங்களுக்குக் கடையில் கிடைப்பது இந்த மாதிரி இல்லையே. இதை எங்கே வாங்கினாய்?"

"வாங்கலக்கா, நாங்களே செய்யிறது" என்றேன். சொன்னபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

தனக்கும் ஒரு பாக்கெட் கிடைக்குமா, காசு தருகிறேன் என்று கேட்டார். அப்போதுதான் சாமி என் நாக்கில் வந்து உட்கார்ந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "காசு வேணாம். தண்ணி தாங்க" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் குடிப்பதற்கென்று ஃபில்டர் தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டிலும் இருந்தது. பின்பக்கம் போய் இரண்டு வீட்டுக்குக் குரல் கொடுத்தார். அந்த இரண்டு வீடும் இன்னும் நாலு வீட்டுக்குச் சொன்னது.

நான் பஸ்ஸுக்கு ஓடினேன். "எல்லாரும் தேயிலப் பாக்கெட்ட வெளிய எடுங்க."

"என்னாக்கா, கடை போடப் போறீங்களா?" என்றான் தம்பி.

"ஆமா. ஒன்னோடதையும் எடு. திரும்பி வாறப்ப மாமியா வீட்டுல குடுக்க வச்சிருக்கிறது எனக்குத் தெரியும்."

"அதுல கைய வச்சா எம் பொஞ்சாதி என்னய வீட்டுக்குள்ள விட மாட்டா அக்கா" என்றான். இருந்தாலும் பைக்குள் கை விட்டான்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளிலும் தலையிலும் கேன்கள் வந்தன. ஒரு கேனுக்கு ஒரு பாக்கெட். சாவுக்கும் கல்யாணத்துக்கும் போன எங்கள் அண்டா, முன்பின் தெரியாத ஊர்த் தண்ணீரால் நிறைந்தது. ஒரு பெரியவர் இரண்டாவது கேனைச் சும்மாவே இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போனார். அடுப்பண்ணன் இடுப்பில் கட்டியிருந்த காசுப் பையைத் தடவிப் பார்த்தார். ஒரு ரூபாய் குறையவில்லை.

"மண்டபம் இருக்கு. யாரும் மூணு மணிக்கு பஸ்ஸுல ஏற வேணாம்" என்று கத்தினார். டிரம் மறுபடி அடித்தது. அந்த அடி என் காதுக்குக் கோயில் மேளம் மாதிரிதான் கேட்டது.

அன்று மதியம் கடலைப் பார்த்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பெரிசு, அவ்வளவுதான். ராத்திரி மண்டபத்தில் கொண்டுபோன கம்பளிகளைத் தரையில் விரித்து, வியர்வையோடு படுத்தோம். விடியற்காலையில் குளித்து, வேட்டி சேலை கட்டி, கோணேசர் மலையேறினோம். நாற்பது பேரும் வந்தார்கள். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை.

ஏற்றத்தில் வெளியூர்க்காரர்கள் பலர் நின்று நின்று மூச்சு வாங்கினார்கள். எனக்குப் பயம். அவர் நெஞ்சைப் பார்ப்பதும் காலைப் பார்ப்பதுமாக வந்தேன். பாதி வழியில், "கொஞ்சம் நிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"ஏத்தமா இருக்கே."

அவர் திரும்பிக் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். "இதையா மலைன்னு சொல்றாங்க?" என்றார். "நம்ம மேல் மலைக்கு கொழுந்தெடுக்க மட்டக்கம்பு தூக்கிட்டு ஏறுனவன் புள்ள நான்." சொல்லிவிட்டு எனக்கு முன்னாலேயே நடந்தார்.

சன்னிதியில் சூடம் காட்டும்போது வாய் திறந்து ஒன்றும் வேண்டவில்லை. இவரைக் கொண்டுவந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் விபூதியை எடுத்து, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் அவருக்குப் பூசின மாதிரியே என் நெற்றியில் பூசினார். பிரித்த பாக்கெட்டில் மிஞ்சியிருந்த தேயிலையை மஞ்சள் துணியோடு மடப்பள்ளியில் கொடுத்தேன். வாங்கினவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "மலைநாட்டுத் தேயிலையோ" என்றார்.

வெளியே வந்தால் அடுப்பண்ணன் கைகட்டி நிற்கிறார். "தங்கச்சி, சாமி கும்பிட்டாச்சு. இப்ப கோழி பேசலாமா?"

"பேசுங்க அண்ணே" என்றேன். "நல்லா நெறைய வாங்குங்க. ஆக்குறது நான்."